பெரம்பலூர் வெங்காயத்துக்குக் கனடாவில் வரி

வரிக்கணக்கு எழுதுவது, பிறத்தியார் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்கிற தொழில். பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் ஒரு மாடி அறையில் பல வருடமாக நான் இதைத்தான் செய்கிறேன். படித்தது பி.காம்., ஆடிட்டர் பரீட்சை எழுதியதே இல்லை. ஆனாலும் கீழே டீக்கடைக்காரர் தொடங்கி, படியேறி வருகிற அத்தனை பேருக்கும் நான் ஆடிட்டரம்மாதான். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

முன்பெல்லாம் உரக்கடை, அரிசி மண்டி, ஜவுளிக்கடை என்று வருவார்கள். இப்போது குன்னம், செந்துறை, ஜெயங்கொண்டம் எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில். போனவர்களுக்கு அங்கத்திய குளிர் பழகிவிடுகிறது, சாப்பாடு பழகிவிடுகிறது. ஒரு விஷயம் மட்டும் பிடிபடுவதில்லை. அங்கே குடியேறிவிட்டால், இங்கே வருகிற வாடகை, வட்டி, விளைச்சல் எல்லாவற்றையும் அந்த ஊர் வரிக்காரரிடம் சொல்லியாக வேண்டும். பிள்ளை அதை அப்பாவிடம் கேட்கும். அப்பா கோபத்தோடு என்னிடம் வருவார். உங்கள் வீட்டிலும் வெளிநாட்டில் ஒருவர் இருந்தால் நீங்களும் என் கட்சிதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

கரண்டுக்குக் காசு கேட்காத ஊர்

கலியபெருமாள் ஐயாவுக்குக் குன்னம் பக்கத்தில் ஒரு கிராமம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற மானாவாரிக் கொல்லை, ஓரத்தில் ஒரு போர்வெல். ஒரே மகள் தேன்மொழி. கல்யாணத்தின்போது அந்த நிலத்தை மகள் பேருக்கே எழுதிவைத்துவிட்டார். மறு வருடமே மாப்பிள்ளையும் பொண்ணும் கனடாவில் குடியேறிவிட்டார்கள். நிலம் தங்களுக்கு வரும் என்று இருந்த அண்ணன் மகன்கள், "ஃபிளைட் ஏறிப் போற பொண்ணுக்கு நெலம் எதுக்காம்?" என்று ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், ஐயா செல்போனை என் மேஜைமேல் வைத்து மகள் அனுப்பியிருந்த குரல் செய்தியைப் போட்டுக்காட்டினார். நிலத்தில் தன் பங்காக என்ன வந்தது என்று அங்கே கணக்கில் காட்ட வேண்டும், ஆடிட்டரம்மாவிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள் என்று அந்தப் பெண் பணிவாகச் சொல்லியிருந்தது. விவசாயத்துக்குத்தான் வரி கிடையாதே என்றார் ஐயா. இங்கே கிடையாது, அங்கே உண்டு என்றேன். அதை அவர் நம்பவே இல்லை. நான் தேன்மொழியோடு சேர்ந்துகொண்டு ஏதோ செய்கிறேன் என்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மோட்டாரு ஓடுற கரண்டுக்கே காசு கேக்காத ஊருங்க இது. எங்கயோ பனியில குந்திக்கிட்டு இருக்கறவன் என் வெங்காயத்துக்கு வரி கேப்பானா?"

வரப்பைத் தாண்டாத நோய்

அவருக்கு நான் ஒரு சுலபமான வழி சொன்னேன். நிலம் மகள் பேரில் இருந்தாலும் உழுகிறவர் நீங்கள், அறுக்கிறவர் நீங்கள், சாப்பிடுகிறவரும் நீங்கள். அப்படியானால் வருமானமும் உங்களுடையது. மகள் கணக்கில் ஒன்றும் எழுத வேண்டாம். வேறு யாராக இருந்தாலும் என் கையைப் பிடித்துக் கும்பிட்டிருப்பார்கள். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் எம்மவ சொத்தத் திங்கறவனா?" என்றார்.

தாம் மகளின் நிலத்தை வாரத்துக்கு ஓட்டுகிறாராம். எங்கள் பக்கத்தில் நிலத்தை வாரத்துக்கு விட்டால், பாடுபடுகிறவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. பெற்ற மகளுக்கே வாரதாரராக இருக்கிற ஒரு மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொரு அறுப்புக்கும் பிறகு, அண்ணன் மகன்கள் உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, "பாப்பா, ஒம் பங்கு இவ்வளவு" என்று அறிவிப்பாராம். மூத்தவன் சேகர் மட்டும் எழுந்து போகாமல் கடைசிவரை கேட்பானாம். அதைச் சொல்லும்போது ஐயாவின் முகத்தில் ஒரு பொலிவு.

அவர் சொன்ன தொகை எனக்கு உறுத்தியது. அந்த மழைக்காலத்தில் குன்னம் பஸ்ஸில் போனபோது இரண்டு பக்கமும் வெங்காயத் தாள் சுருண்டு படுத்துக் கிடந்ததை நானே பார்த்திருந்தேன். திருகல் நோய் என்று பஸ் முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தார்கள். அதைக் கேட்டேவிட்டேன். ஐயா ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ஏதோ விசேஷம் நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"திருகலா? அது பக்கத்துக் கொல்லையிலங்க. நம்ம வரப்பத் தாண்டல."

அய்யனாரிடம் ரசீது

ஐயா சொன்னபடியே எழுதி அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், அடுத்தது செந்துறைப் பையன். ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்துவிட்டது. அங்கே அவனுக்குக் கணக்குப் பார்க்கிறவர், ஊரில் ஏதாவது வருமானம் உண்டா என்று கேட்டிருக்கிறார். இவன் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு. நாலு வெள்ளாடு வாரத்துக்கு விட்டிருக்கிறேன், குட்டியில் பாதி எனக்கு என்று சொல்லிவிட்டான். இது வட்டியா, வாடகையா, கூட்டுத் தொழிலா என்று அவர் கேட்க, கேள்வி கடல் தாண்டி என்னிடம் வந்தது.

ஆடு வளர்க்கிற ராசாத்திக்குப் போன் செய்தேன். ஆட்டைப் பிடித்துக்கொண்டு போகத்தான் ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, சண்டைக்குத் தயாராகவே வந்தது. சமாதானப்படுத்தி உட்காரவைத்துக் கேட்டேன். ஒரு குட்டியை நாய் கடித்துவிட்டது. ஒன்று சீக்கில் போனது. கொழுத்த கிடாய் ஒன்றை அய்யனாருக்கு நேர்ந்து விட்டாயிற்று. இதை நான் ஆஸ்திரேலியாவுக்கு எழுதினேன். அந்தக் கணக்குக்காரர் நல்ல மனிதர், சலுகை வாங்கித் தர நினைத்தார் போலிருக்கிறது. கோயிலுக்குக் கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்டு மறுபடி எழுதினார். நான் அதை அப்படியே ராசாத்தியிடம் கேட்டிருக்கக் கூடாது.

"ரசீது வேணும்னா அய்யனாருகிட்டத்தான் வாங்கணும். கோயிலு தெறந்துதான் கெடக்கு, போயிக் கேளுங்க."

வாத்தியார் பிடித்த வரி

மீன்சுருட்டி அம்மா ஒருவருக்கு மகன் அமெரிக்காவில். ஜெயங்கொண்டத்தில் அவன் கட்டிய வீட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வாடகைக்கு இருக்கிறார். வீட்டுக்காரர் வெளிநாட்டில் குடியிருந்தால், வாடகை கொடுக்கிறவரே வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்பது இங்கத்திய சட்டம். ஊரில் யாரும் செய்வதில்லை. இந்த வாத்தியார் எங்கேயோ படித்துவிட்டு, முறையாகப் பிடித்துக் கட்டியும்விட்டார். அம்மா பஸ் பிடித்து என் மாடிக்கு வந்து மூச்சு வாங்கினார். எம்மவன் வூட்டுல குடியிருக்கறவரே எம்மவன்கிட்ட வரி வாங்குனா, அவரு வாடகைக்காரரா கலெக்டரா என்று கேட்டார்.

பிடித்த காசு எங்கும் போகவில்லை, மகன் இங்கே கணக்குத் தாக்கல் செய்தால் அதிகப்படி திரும்பி வரும், அமெரிக்காவிலும் கழித்துக்கொள்ளலாம் என்று பொறுமையாக விளக்கினேன். தலையைத் தலையை ஆட்டிக் கேட்டார். புரிந்துவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன். படியிறங்கும்போது திரும்பி நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"வாத்தியாருகிட்ட, எம்மவன் ஊருக்கு வந்துட்டான், மாடியிலதான் படுத்திருக்கான்னு சொல்லிடுங்க."

டிக்கெட்டுக்கு வைத்த காசு

சித்திரை வெயிலில் ஒரு காலை, தேன்மொழியே என்னைக் கூப்பிட்டாள். அவள் முழுகாமல் இருக்கிறாள், ஆவணியில் பிரசவம் என்று ஐயா முன்பே சொல்லியிருந்தார். அம்மா அஞ்சலை துணைக்குப் போக வேண்டும். விசாவும் வந்துவிட்டது. விமான டிக்கெட்டுக்கு அந்தப் பெண் சிறுகச் சிறுக எடுத்துவைத்திருந்தது. அப்பா சொன்ன பாதிப் பங்கு அவள் சம்பளத்தோடு சேர்ந்ததில், அங்கே வரி கூடிவிட்டது. டிக்கெட் காசை எடுத்து வரியைக் கட்டிவிட்டாளாம். அம்மா வருவது இனி முடியாது, அதைத் தன் வீட்டில் நான்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. உன் பங்குதான் அப்பாவிடம் இருக்கிறதே, அதை எடுத்து டிக்கெட் போடச் சொல் என்றேன். நாடு விட்டு நாடு போய், முதல் பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இல்லாமல் படுக்கப் போகிற பெண் அவள். என் அக்கா மகளுக்கும் அதே வயதுதான்.

"பொண்ணு பங்கு கேட்டுட்டான்னு ஊர்ல பேசுவாங்க, வேணாங்க்கா. பிரசவத்த நான் பாத்துக்கறேன். அப்பா பேரு நல்லா இருக்கட்டும்."

ஸ்பீக்கர் போன்

பக்குவமாகச் சொல்லும்படி கேட்டிருந்தாள். எனக்கு அது வராது. ஐயாவைக் கூப்பிட்டு உடனே வரச் சொன்னேன். மனைவியோடு வந்தார். அஞ்சலையம்மா கையில் ஒரு பை. மகளுக்குப் பிரசவ மருந்து கிளறுவதற்காகச் சுக்கும் திப்பிலியும் வாங்கத்தான் டவுனுக்கு வந்தாராம். பையைப் பார்த்ததும் எனக்கு வாய் கொஞ்சம் தடுமாறியது. ஆனாலும் சொன்னேன்.

ஐயாவுக்கு முதலில் விளங்கவில்லை. ஏதோ காகிதத்தில் எழுதிக் கொடுப்பதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். "நான் சொன்னதுக்கா காசு கட்டுனா? நெசக் காசா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். உங்கள் வீட்டம்மா போகிற டிக்கெட் காசு என்றேன்.

அதுவரை வாயே திறக்காத அஞ்சலையம்மா பையைக் கீழே வைத்தார். "வெங்காயம் அழுவிப் போனதச் சொல்லு. சோளத்தப் பன்னி மேஞ்சதச் சொல்லு. வெதைக்கு வாங்கினதுகூட வரலன்னு சொல்லு. சொல்றியா, நான் சொல்லவா?" என்றார். ஐயா என்னைப் பார்த்தார். நான் என் மேஜையைப் பார்த்தேன். பிறகு அவரே மகளுக்குப் போன் போட்டார். அவருக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசத் தெரியும். பழக்கதோஷம், அன்றைக்கும் அதைத்தான் அழுத்தினார். அதனால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"பாப்பா, இந்த வருசம் ஒம் பங்கும் இல்ல, எம் பங்கும் இல்ல. அப்பன் பொய் சொல்லிட்டேன்" என்றார். அழுகிறாளோ என்று நான் பயந்துகொண்டிருக்கும்போது, தேன்மொழி சாதாரணமாக, "தெரியும்ப்பா" என்றாள். அழுகிய வெங்காயத்தை வாரி வரப்பில் கொட்டிய அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாளாம். தெரிந்துமா காசைக் கட்டினாய் என்று ஐயா கத்தினார். கோபம் மகள் மேலா தன் மேலா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"சேகரு அண்ணன வச்சுக்கிட்டு நீ சொன்ன கணக்கப்பா அது. அத நான் இல்லன்னு எழுதுவனா?"

விளைந்த இடம்

நான் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். பயிர்ச் சேதத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று வாங்கிவரச் சொன்னேன். அதை வாங்குவதற்குள் ஐயா பட்ட பாடு தனி. நட்டம் என்று ஊருக்குள் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே! ஆபீஸில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், காதோடு சொல்லி வாங்கிவந்தார். கனடாவில் தேன்மொழிக்குக் கணக்குப் பார்க்கிறவர் திருத்தி அனுப்பினார். சில வாரம் கழித்துக் கட்டிய வரி அவள் கணக்குக்குத் திரும்பி வந்தது. அன்றைக்கே அம்மாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பினாள். அதில் அவள் வயிறு மேடிட்டு நன்றாகத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கியதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

புறப்படுகிற நாளில் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். நானே கீழே இறங்கிப் போனேன். வண்டி சேகருடையது, ஓட்டிவந்ததும் சேகர்தான். அஞ்சலையம்மாவுக்குப் புதுச் செருப்பு. இதுவரை ரயில்கூட ஏறியதில்லையாம், ஆனால் மருந்துப் பொட்டலத்தை விமானத்தில் பிடுங்கிவிடுவார்களோ என்பது ஒன்றுதான் அவர் கவலை. கையில் வைக்காமல் ஏற்றிவிடுகிற பெரிய பெட்டிக்குள் வைத்தால் போகும் என்று தைரியம் சொன்னேன்.

டீ வந்தது. சேகர் டம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, "டிக்கெட்டு ஏகப்பட்டது இருக்குமே சித்தப்பா, பணத்துக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டான். நான் டீயை வாயில் வைத்தபடி நின்றுவிட்டேன். அஞ்சலையம்மா கடையில் தொங்கிய வாழைத்தாரை எண்ணுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கலியபெருமாள் ஐயா என்னை ஒரு பார்வை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"எல்லாம் நம்ம வெங்காயக் காசுதாண்டா சேகரு. இந்த வருசம் கனடாக்காரன் நேரா தேனு கையிலயே குடுத்துட்டான்."

வருமானத்தை மறைக்கிறவர்களை வரிக்காரர் பிடித்துவிடுவார், நட்டத்தை மறைக்கிறவர்களைப் பிடிப்பதற்கு மட்டும் வீட்டுக்காரி ஒருத்தி வேண்டியிருக்கிறது, அதுவும் டிக்கெட் வருகிறவரைக்கும்தான் தாங்குகிறது.